ஐம்பதில் நின்ற முள்

நேற்றுக் காலை ஒரு புது ஆசிரியை எனக்கு வாட்சப்பில் நாற்பத்திரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். சிலிம் ரிவர் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் இந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்தவர். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தராசுக்குப் பக்கத்தில் நின்று, கையில் ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, பல் தெரியச் சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி: "சார், செய்முறை மதிப்பீட்டுக்கு இவ்ளோ எவிடென்ஸ் போதுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய்க் காரைக் கழுவினேன். கழுவி முடித்தும் ஆறவில்லை. அந்தத் தங்கை மேல் கோபம் இல்லை. நாற்பத்திரண்டு படத்திலும் பிள்ளைகளின் முகம் தெரிகிறது, ஒன்றில்கூடத் தராசின் முள் தெரியவில்லை. இதே மாதிரிப் படங்களை நானும் எடுத்து, வண்ணத்தில் அச்சடித்து, கோப்பில் ஒட்டிப் பாராட்டு வாங்கியவன்தான். அவருக்கு எழுத வேண்டிய பதில் வாட்சப்பில் அடங்காது. அதனால் உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

செய்முறை மதிப்பீடு நல்ல யோசனை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்லாதீர்கள். தாளில் கணக்குப் போடச் சொல்வதற்குப் பதிலாகப் பிள்ளை கையால் அளக்கட்டும், நிறுக்கட்டும், ஊற்றிப் பார்க்கட்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனித்து, ஒன்று முதல் ஆறு வரை ஓர் அடைவு நிலை போடட்டும். இதில் என்ன குறை? குறையெல்லாம் பக்கத்தில் நிற்கும் ஆளிடம்தான். நான் நின்ற லட்சணத்தைக் கேளுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. ஆயர் தாவாரிலிருந்து செம்பனைத் தோட்டங்களுக்குள் போகும் சாலையில் ஒரு சின்னப் பள்ளி. ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டத்துப் பள்ளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்களெல்லாம் டவுன் பக்கம் வீடு மாறிப் போன பிறகும் பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. வாரநாட்களில் அங்கே ஓர் அறை எடுத்துத் தங்குவேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈப்போவுக்குத் திரும்புவேன். நான்காம் ஆண்டு வகுப்பில் எனக்குப் பத்தொன்பது பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி லோகேஸ்வரி. எல்லோருக்கும் லோகா.

லோகா அதிகம் பேசமாட்டாள். எழுதுவதும் மெதுவாகத்தான். கரும்பலகையில் இருக்கும் நாலு வரியைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மலாய் ஆசிரியை, தமிழ் ஆசிரியர் இருவரும் அவளைக் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்த வகுப்பு எங்கள் பள்ளியில் கிடையாது. மருத்துவமனையில் காட்டி, கடிதம் வாங்கி, வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும். தவறாக நினைக்காதீர்கள், அந்த வகுப்பு தேவைப்படுகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. தேவைப்படாத பிள்ளையை அங்கே தள்ளினால், அவளை யார் திரும்பக் கூட்டிவருவது? தலைமையாசிரியைக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சார், மத்த ரெண்டு பாடத்துலயும் ரெண்டாவது நிலைதான். கணக்குல நீங்க என்ன போடுறீங்களோ அத வச்சு முடிவு பண்ணலாம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவ அம்மாவ வரச் சொல்லியிருக்கேன், சம்மதக் கடிதத்துல கையெழுத்து வாங்க."

ஆக, ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பாள் என்பது என் பேனாவில் இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தத் திங்கட்கிழமை அப்படி நடந்துகொண்டேன்.

பொருண்மைப் பாடம், அதாவது எடை. கணித அறையில் முள் ஓடும் பழைய தராசு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே போய், உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைப்பயறு, கூழாங்கல் என்று நாலு பையைக் கட்டி, நிறுத்து, விடைத்தாள் தயாரித்தேன். உருளைக்கிழங்கு எண்ணூற்றைம்பது கிராம், வெங்காயம் நானூறு, பயறு அறுநூற்றைம்பது, கல் ஆயிரத்து இருநூற்றைம்பது. ரொம்பச் சிரத்தையான ஆள் நான். பைகளுக்கு வண்ண ரிப்பன்கூடக் கட்டினேன்.

அடுத்த வாரம் கல்வி இலாகாவிலிருந்து கோப்பு பார்க்க வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு கணினியில் நிலைகளைப் பதியும் வசதி மூடிவிடும். பத்தொன்பது பிள்ளைகள், ஆளுக்கு நாலு பை, ஆளுக்கு ஒரு படம், ஒரு மணி நேரம். எனக்கு நெற்றியில் வியர்வை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வை, படி, சிரி, போ. வை, படி, சிரி, போ.

லோகாவின் முறை வந்தது. அவள் பையைத் தொடவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணை முள்ளுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நான் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். உச்சந்தலையும் பின்னலும்தான் விழுந்தன.

"முகம் தெரியல, எழுந்து நில்லு. பைய வை. சிரி."

எழுந்தாள், வைத்தாள், சிரிக்கவில்லை. தாளில் எண்ணூறு என்று எழுதினாள். வெங்காயத்துக்கு முந்நூற்றைம்பது. பயறு அறுநூறு. கல் ஆயிரத்து இருநூறு.

"என்னம்மா இது? முள்ளு எங்க நிக்குது, நீ என்ன எழுதுற?"

"சார், முள்ளு மொதல்லயே..."

"கதை வேணாம். முள்ளு எங்க நிக்குதோ அதப் படி. அவ்ளோதான். அடுத்தது யாரு?"

நாலு விடையும் தவறு. நாலும் சரியாக ஐம்பது கிராம் குறைவு. முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் சொல்லிக் கொடுத்த ஒரு மனிதனுக்கு, நாலு தவறும் ஒரே அளவில் இருந்தால் ஒரு சந்தேகம் வர வேண்டாமா? எடை படிக்கத் தெரியாத பிள்ளை கண்டபடி எழுதும். இப்படி நூல் பிடித்த மாதிரித் தப்பு செய்யாது. இதை நானே எத்தனை பயிலரங்கில் பேசியிருக்கிறேன்! அன்றைக்கு நாலு சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, அடைவு நிலை இரண்டு என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனேன். இன்றைக்கும் நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதோடு விட்டேனா? மறுநாள் பிழைதிருத்தம். நம் பள்ளிகளின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்: தவறாக எழுதியதற்குச் சரியான விடையை ஐந்து முறை எழுத வேண்டும். லோகா உட்கார்ந்து எழுதினாள். எண்ணூற்றைம்பது கிராம், எண்ணூற்றைம்பது கிராம் என்று ஐந்து தடவை. மற்ற மூன்றும் அப்படியே. அவளுடைய வேகத்தில் ஓய்வு நேரம் முழுக்கப் போனது. அடியில் நான் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஓய்வு நேரத்தில் கேண்டீனில் ரொட்டியும் தேத்தண்ணீரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கேண்டீன் அக்கா கறிபாப்புப் பலகாரத்துக்கு மாவு நிறுத்துக்கொண்டிருந்தார். பார்த்தால் என் தராசு! வழக்கம்போல் முந்தின நாள் கணித அறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். முள் ஐந்நூற்றைம்பதில் நிற்க, "சரி, அரைக் கிலோ" என்று மாவைச் சட்டியில் கொட்டினார்.

"என்னக்கா, அரைக் கிலோங்கிறீங்க? அம்பது கூட இருக்கே."

"அலாமா, சார், இந்தத் தராசு அப்பிடித்தான்லா. அம்பது பொய் சொல்லும். வெறுந்தட்டுல பாருங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு. எத்தன வருசமா நான் கழிச்சு கழிச்சு மாவு போடுறேன்."

வெறுந்தட்டைப் பார்த்தேன். முள் ஐம்பதில் நின்றது. ஒளிந்தெல்லாம் நிற்கவில்லை, சிவப்பு வண்ணத்தில், பட்டப்பகலில் நின்றது. அதே தராசில் பையை நிறுத்து அதே தராசில் விடைத்தாள் தயாரித்திருக்கிறேன். பதினெட்டுப் பேர் சொன்ன தப்பை நான் சரி என்று போட்டிருக்கிறேன். ஒருத்தி சொன்ன சரியை நாலு தரம் அடித்து, ஐந்து ஐந்து முறை எழுதவும் வைத்திருக்கிறேன்.

பக்கத்து மேசையில் என் வகுப்புப் பையன்கள் இருவர் நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தார்கள். "டேய், திங்கட்கிழமை நீங்க யாராவது இந்த முள்ளப் பாத்தீங்களா?" என்றேன். "பாத்தோம் சார். தராசு அப்பிடித்தான்னு நெனச்சோம்" என்றான் ஒருவன், சோற்றை விழுங்கிக்கொண்டே. எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

மணி பத்தரை. பதினோரு மணிக்கு லோகாவின் அம்மா வருகிறார்.

இப்போது ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் எனக்குத் தோன்றியது நியாயம் அல்ல, சௌகரியம். லோகாவுக்கு மட்டும் இரண்டை அழித்து நாலு என்று போட்டுவிட்டால் என்ன? தட்டச்சுப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். தராசுக் கதை வெளியே வர வேண்டியதில்லை, மற்ற பதினெட்டுப் பேர் விவகாரமும் கிளம்பாது, கோப்பும் பத்திரம். தேத்தண்ணீர் ஆறிப் போகும் வரை இதை யோசித்தேன். சரியாகச் சொன்னால், கையில் இருந்த மதிப்பீட்டுத் தாளில் நாலு என்றும் எழுதிவிட்டேன். ஆனால் அப்படிப் போட்டால், "ரெண்டு எப்படி சார் நாலாச்சு?" என்று அந்த மலாய் ஆசிரியை கேட்பார். அவருக்கு நான் என்ன காட்டுவேன்? அந்தப் பிள்ளை மேல் இரக்கப்பட்டு உயர்த்திப் போட்டேன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதுவும் அவளுக்கு நான் செய்யும் இன்னொரு அநியாயம். அந்த நாலை அடித்துவிட்டு, தராசையும் கணித அறையில் இருந்த உருளைக்கிழங்குப் பையையும் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தேன்.

லோகாவின் அம்மா முன்னதாகவே வந்துவிட்டார். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து கருவாடும் நெத்திலியும் எடுத்து வந்து ஆயர் தாவார் காலைச் சந்தையில் விற்பவர். கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்திருந்தார். சம்மதக் கடிதம் அவர் முன்னால் இருந்தது, பேனாவைக் கையில் வாங்கியிருந்தார்.

"டீச்சர், கொஞ்சம் நிறுத்துங்க" என்று உள்ளே போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

தலைமையாசிரியை என்னையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், வெளையாடுறீங்களா? இன்னைக்கு சாயந்தரம் சிஸ்டம் மூடுது. பத்தொன்பது பேருக்கும் மாத்தணும்ங்கிறீங்களா? திங்கட்கிழமை ஆளுங்க வராங்க லா."

"மாத்தணும் டீச்சர். என் தப்புதான்."

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நான்தான் சார் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். பாசார்ல எங்கூட வந்து நிப்பா. எதையும் வைக்கிறதுக்கு முன்ன முள்ளப் பாருடின்னு சொல்லுவேன். எங்க வீட்டுல தோட்டத்துல ரப்பர் பால் நிறுத்த காலத்துலேருந்து எல்லாருக்கும் அந்தப் பழக்கம். முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்காம வாளியத் தூக்கி வைக்கமாட்டாங்க."

தலைமையாசிரியை மறுப்பாகத் தலையை ஆட்டினார். கெட்டவர் அல்ல அவர். எழுதி வைத்த தாளை நம்பிப் பழகியவர், அவ்வளவுதான். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் சார். ஆனா நான் எத வச்சு நம்புறது? அந்தப் புள்ளயக் கூப்பிடுங்க. எங்க முன்னால நிறுத்துக் காட்டட்டும்."

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இதைவிட நல்ல சாட்சி வேறென்ன? தராசை மேசை நடுவில் வைத்தேன். முள்ளை வேண்டுமென்றே திருத்தவில்லை, ஐம்பதிலேயே விட்டேன். அவள் வந்து எண்ணூறு என்று சொல்லப் போகிறாள், அறையே வாயைப் பிளக்கப் போகிறது என்று கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நின்றேன்.

லோகா வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், தலைமையாசிரியையைப் பார்த்தாள்.

"லோகா, இந்தப் பையி எவ்வளவு எடைன்னு பாத்துச் சொல்லும்மா" என்றேன்.

குனிந்து முள்ளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம். பையை எடுத்து வைத்தாள்.

"எண்ணூத்தம்பது, சார்."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, நான் சொல்லவில்லையா என்பது போலக் கையை விரித்தார். அம்மாதான் எழுந்தார்.

"ஏய் லோகா! முள்ளப் பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன்மா."

"எங்க நின்னுச்சு?"

"அம்பதுல."

"அப்புறம் ஏண்டி எண்ணூத்தம்பதுங்கிற? அப்பிடியா உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

லோகா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எண்ணூறுதான்மா. ஆனா சாருக்கு எண்ணூத்தம்பதுதான் சரி. எண்ணூறு சொன்னா தப்பு போட்டுருவாரு."

முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் நான் அதுபோல் கூனிக் குறுகியது கிடையாது. மேலதிகாரி திட்டியிருக்கிறார், பெற்றோர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், அதெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஒரு பிள்ளை உண்மையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, எனக்குப் பயந்து பொய்யைச் சொல்கிறாள். அந்தப் பொய்யை ஐந்து முறை எழுத வைத்து, அடியில் சரி போட்டுச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

தலைமையாசிரியை அம்மாவின் முன்னால் இருந்த கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு என்னிடம், "பத்தொன்பது பேருக்கும் மறுபடி செய்ங்க சார். சிஸ்டம் மூடுனா மூடட்டும், நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் மேல் எனக்கிருந்த அத்தனை முணுமுணுப்பும் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

அன்று மதியம் எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி நிறுக்க வைத்தேன். படம் எடுக்கவில்லை. தராசின் முள்ளை நான் திருத்தவும் இல்லை, நீங்களே பாருங்கள் என்று விட்டேன். முதல் ஆளைத் தவிர மற்றவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், கேட்டால் சொல்லக்கூடிய பிள்ளைகள்தான். கணினியில் மாற்றத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில், ஆசிரியர் தராசைச் சரிபார்க்காமல் மதிப்பிட்டார் என்று எழுதினேன். திங்கட்கிழமை வந்த அதிகாரி அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. பழைய படங்களைப் புரட்டிப் பார்த்து, "பாகுஸ், சந்தே" என்று, நன்று, அழகு என மலாயில் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோப்பைத் தூக்கி வாய்க்காலில் எறியலாம் போல இருந்தது.

படம் என்றதும் இன்னொன்று. லோகா குனிந்து முள்ளைப் பார்த்தபோது எடுத்தேனே, உச்சந்தலையும் பின்னலும் மட்டும் விழுந்த படம், அதைக் கோப்பில் சேர்க்கவில்லை. அன்று நான் எடுத்த படங்களில் ஒரு பிள்ளை கணிதம் செய்வது தெரிந்த ஒரே படம் அதுதான். தங்கையே, உங்கள் நாற்பத்திரண்டில் அப்படி ஒன்று இருந்தால் எனக்கு அனுப்புங்கள், மற்றதெல்லாம் வேண்டாம்.

லோகா தனி வகுப்புக்குப் போகவில்லை. மெதுவாக எழுதுவதற்குக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டார்கள், பாதிப் பிரச்சினை அதில் போயிற்று. கணிதத்தில் ஐந்தாம் நிலை எடுத்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு முன்னாலேயே கேட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கதை நல்லபடி முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கடைசியாக அவளைத்தான் கூப்பிட்டேன். தட்டுக்கு அடியில் இருக்கும் திருகைப் பத்துக் காசால் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, "இப்ப நிறும்மா" என்றேன். குனிந்து பார்த்தாள். பையை வைத்தாள். "எண்ணூறு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரியா சார்?" என்று கேட்டாள்.

அதற்கு முன்பு அவள் அப்படிக் கேட்டதே இல்லை. திங்கட்கிழமை எழுதினாளே, எண்ணூறு, முந்நூற்றைம்பது என்று, அப்போது யாரையும் கேட்கவில்லை. முள்ளைப் பார்த்தாள், எழுதினாள், அவ்வளவுதான். அவள் ஆறாம் ஆண்டு முடித்துப் போன ஆண்டுதான் நானும் ஓய்வு பெற்றேன். அதுவரை ஒவ்வொரு கணக்குக்கும், எத்தனை சரியாகப் போட்டாலும், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "சரியா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.